விரிசலின் முனை

திடீரென்று விட்டுப்போச்சாம். வண்டியை ஷெட்டுக்குள் திருப்பி நிறுத்தியதிலிருந்து இந்தச் சென்னியப்பன் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். “நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்ணா இருந்துச்சு, இன்னிக்குக் காத்தால திடீர்னு உட்டுப்போச்சுங்.” இரும்பு திடீரென்று விடுமா. இரும்பு என்ன உன் வீட்டுக் கண்ணாடி டம்ளரா. இந்தத் திருச்செங்கோடு ரோட்டில் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான், இதுவரை ஒரு கதவும் திடீரென்று விட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் திடீரென்று விட்டுப்போச்சு என்று சொல்லாமல் ஒரு ஓனரும் என் வெல்டிங் ஷெட்டுக்குள் காலை வைத்ததும் இல்லை. இவர்களுக்கு எல்லாமே திடீர்தான். கிணறு வற்றினால் திடீர், பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனால் திடீர், பல் ஆடினால் திடீர். பார்க்காமலே இருந்துவிட்டுக் கடைசியில் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். செங்கல் லோடு அடிக்கிற வண்டி இது. சூளையில் ஏற்ற வேண்டியது, வீடு கட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியது, கொக்கியைத் தட்டிவிட்டுப் பின்கதவை அப்படியே தொப்பென்று விட வேண்டியது. இரண்டு ஆள் பிடித்து மெதுவாக இறக்கினால் கை தேய்ந்துவிடுமாம். கதவு விழுந்து பம்பரில் மோதும், தெருவே திரும்பிப் பார்க்கும், அதில் ஒரு பெருமை. அந்த அடி எங்கே போகிறது என்று இந்த மண்டையில் ஒரு தடவையாவது ஓடியிருக்குமா. காற்றிலா கரைந்துபோகும். கதவுக்குள்தான் போகும், போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், அடுத்த அடி வந்து அதன் மேல் உட்காரும். இவன் வண்டி வாங்கிய காலத்திலிருந்து அப்படி உட்கார்ந்தவை எல்லாம் சேர்ந்து இன்று எழுந்து நிற்கின்றன. இவன் அதைத் திடீர் என்கிறான்.

கதவைக் கழற்றி வெளிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் போட்டாயிற்று. பச்சை பெயின்ட், நடுவில் ஒரு தாமரை, தாமரைக்கு இந்தப் பக்கம் ஹரிணி, அந்தப் பக்கம் தர்ஷித். பெற்ற பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிற கதவையா இப்படித் தொப்பென்று விடுவான் ஒருத்தன். கீழ் விளிம்பைத் தாங்கி ஓடுகிற சேனல் இரும்பைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கு மேல் இன்னொரு ஒட்டு. ஒவ்வொரு ஒட்டையும் பார்த்தால் அதைப் போட்டவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். முதல் ஆள் விரிசலின் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, மேலோடு பூசி மெழுகிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். இரண்டாவது ஆள் பயந்தவன், எவ்வளவு வெல்டிங் ராடு எரிக்க முடியுமோ அவ்வளவும் எரித்து மலை மாதிரி குவித்திருக்கிறான், குவித்தால் பலம் என்று எந்த மடையன் சொல்லிக்கொடுத்தானோ. மூன்றாவது ஆள் தன்னைப் பெரிய இஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டவன், தகட்டைச் சதுரமாக வெட்டி அளவு பிசகாமல் வைத்து நாலு பக்கமும் பற்ற வைத்திருக்கிறான். சதுரம். மூலை என்று ஒன்று இருந்தால் விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும், அது எனக்குத் தெரியும், அந்த விரிசலுக்கும் தெரியும், அந்த இஞ்சினியருக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று பேரில் ஒருத்தனாவது இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டானா. கேட்டிருந்தால் குனிந்திருப்பான், குனிந்திருந்தால் இந்த வளையத்தைப் பார்த்திருப்பான். கீலுக்கு ஒரு சாண் தள்ளி, சேனலின் விளிம்பில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு கம்பி வளையம். அதிலிருந்து கயிற்றில் தொங்குகிறது ஒரு பழைய ரப்பர் செருப்பு, திருஷ்டிக்கு. ஊர்க் கண் படாமல் இருக்கச் செருப்பு, செருப்பைத் தொங்கவிட வளையம், வளையம் நிற்க ஒரே ஒரு டாக், ராடை ஒரு நொடி தொட்டு எடுத்த சொட்டு வெல்டிங். கதவு விழுகிறபோது எந்த இடத்தில் அதிகமாக இழுபடுமோ சரியாக அந்த இடத்தில் நெருப்பை வைத்திருக்கிறான் ஒருத்தன். விரிசல் அந்த டாக்கின் ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அங்கே துரு கறுத்துப்போய்க் கிடக்கிறது, பழசு, ரொம்பப் பழசு. மேலே போகப் போகத் துரு வெளுக்கிறது. கீலைப் பார்த்துத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. “யாரு கண்ணோ பட்டுப்போச்சுங்ணா,” என்கிறான் சென்னியப்பன். கண் இல்லையடா, செருப்பு. சொன்னால் புரியவா போகிறது. ஒரே ஒரு டாக்தானே என்று வைக்கச் சொல்லியிருப்பான், ஒரே ஒரு டாக்தானே என்று பற்ற வைத்தவனும் வைத்திருப்பான்.

ஒரே ஒரு டாக்தானே. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, வேலையைப் பார். ஆனால் மனசு என்ன சொன்ன பேச்சைக் கேட்கிற நாயா. வயசுக் காலத்தில் கறுப்புக் கண்ணாடி ஷீல்டைத் தேடி எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பவனை நாங்கள் பொம்பளை என்போம். ஒரு டாக்தானே, கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் போகிறது. மூடிக்கொண்டுதான் வைத்தேன். பாதி நாள் மூடுவதற்கு முன்பே வெளிச்சம் உள்ளே போயிருக்கும். ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டிய மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி இமை மேல் வைத்துக்கொண்டு படுப்பேன். ஒரு தடவை தாங்க முடியாமல் போக, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டாள் என் வீட்டுக்காரி. விடிந்தால் சரியாகிவிடும். விடிந்ததும் சரியாகிவிட்டது, அதுதானே கேடு. பங்குனியில் ஒரு நாள் ஷெட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியைப் பார்க்கிறேன், தேதி இல்லை. மேலே இருக்கிற சாமி இருக்கிறது, கீழே இருக்கிற ராகு காலம் இருக்கிறது, நடுவில் தேதியைக் காணோம். எவனோ கிழித்துவிட்டான் என்று ஷெட்டில் கூட வேலை பார்க்கிற மச்சினன் மயிலானந்தனைப் பிடித்து ஏசினேன். சற்றுத் தலையைத் திருப்பினேன், தேதி ஓரமாக வந்து நின்றது. நேராகப் பார்த்தால் போய்விடுகிறது. வலது கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு இப்போது சென்னியப்பனைப் பார்த்தால் அவன் காது தெரிகிறது, சட்டைப் பை தெரிகிறது, மூஞ்சி தெரியவில்லை. அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இடது கண்ணும் இப்போதெல்லாம் ஒழுங்காக இல்லை, நேர்க்கோட்டைப் பார்த்தால் நடுவில் வளைகிறது, உற்றுப் பார்த்தால் அங்கேயும் அதே பொட்டு. ஈரோட்டில் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன், யாருக்கும் சொல்லவில்லை, கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, நடுவில இருக்கிற புள்ளியைப் பாருங்க என்றது. எந்தப் புள்ளி என்று கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்தது. வெல்டிங் வெளிச்சம் உள்ளே பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டிருக்கு, ஒரு நாளில் வந்தது இல்லை ஐயா, என்றது. நான் என்ன சொன்னேன்? எனக்குத் திடீர்னுதான்மா வந்துச்சு என்றேன். சொல்லிவிட்டு பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். சென்னியப்பனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, என்ன இருந்தாலும் நான் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை.

வண்டி நிழலில் செங்கல் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் பாவாயி. சென்னியப்பன் வண்டியில் லோடு இறக்குகிற பொம்பளை. வேலை நின்றுபோனதால் கூடவே வந்துவிட்டாள், டீ வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுக் கிளாஸை மண்ணில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இடது தோளில் ரவிக்கைக்கு மேலே புதுக் காயம், மஞ்சளை அப்பி வைத்திருக்கிறாள். “என்னம்மா ஆச்சு தோளுக்கு,” என்றால் சிரிக்கிறாள், அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ. “கதவெ எப்பவும் நாந்தானுங் தட்டுவேன். கல்ல எடுத்துக் கொக்கியெத் தட்டீட்டு இப்படித் தள்ளி நின்னுக்குவேன். நேராத்தானுங் உழுகும். இன்னைக்கு ஒரு பக்கம் உட்டுட்டு என்னெத் தேடி வந்துச்சுங்.” என்னைத் தேடி வந்துச்சு என்கிறாள், ஏதோ சொந்தக்காரன் வந்த மாதிரி. ஒரு பக்கக் கீல் பிடித்திருக்கிறது, மறுபக்கம் சேனல் வாயைத் திறந்து கொடுத்திருக்கிறது, கதவு ஒருக்களித்துச் சுழன்று தோளைச் சிராய்த்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் நாலு விரல் உள்ளே நின்றிருந்தால் கழுத்து. அதை அவள் யோசித்துப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சென்னியப்பன் யோசித்திருக்கிறான், அதனால்தான் திருஷ்டி என்கிறான், திருஷ்டி என்றால் அவன் மேல் பழி இல்லை அல்லவா. “ஒரு பட்டையெ வெச்சு அடிச்சு உட்டீங்கன்னாப் போதுங்ணா, மத்தியானம் லோடு இருக்குதுங்,” என்கிறான். மத்தியானம் இவள்தான் மறுபடியும் கல்லை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நிற்பாள். அதைச் சொன்னால், நின்னுதானுங் ஆகோணும் என்பாள். பயப்படத் தெரியாத ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது, இவர்களுக்கும் சேர்த்து இன்னொருத்தன் பயப்பட வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கம் மயிலானந்தன் கிரைண்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரியின் தம்பி, இந்த ஷெட்டில் பாதி அவனுடையது, மீதிப் பாதியின் மேல் அவன் குடும்பத்துக்கே ஒரு கண். காதில் எந்நேரமும் ஒரு வயரைச் சொருகிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பான். பற்ற வைத்தால் அழகாகத்தான் வைப்பான், மீன் செதில் மாதிரி வரிசையாக, தடவிப் பார்க்கலாம், போட்டோ பிடித்து நாலு பேருக்கு அனுப்பவும் அனுப்புவான். அழகு இருந்து என்ன, விரிசலைப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு இந்த அர்த்தநாரிதான், நான்தான் வேண்டும், ரோடு முழுக்க அப்படித்தான் பேச்சு. கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கம் வேறு வந்திருக்கிறது அவனுக்கு. நான் ஒரு வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போனால், இவன் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து செல்போன் லைட்டை அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னடா என்றால், “ஒண்ணுமில்லீங் மாமா, சும்மா தொடைக்கறனுங்,” என்கிறான். தொடைக்கட்டும். பார்த்துப் பார்த்துப் படிக்கட்டும், எப்போதாவது தலையில் ஏறினால் சரி. “கிரைண்டரை வைக்காதடா,” என்று கத்தினேன். பெயின்டைக் கிரைண்டரில் உரித்தால் விரிசலின் வாய் மேல் இரும்பு இழுபட்டு மூடிக்கொள்ளும், அப்புறம் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பி பிரஷ்தான், கையால்தான். “தெரியுமுங் மாமா, கத்தாதீங்,” என்று பிரஷை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். தெரியுமாம். எல்லாம் தெரியும் இவனுக்கு.

நானே உரித்தேன். பச்சை போனது, அதற்கடியில் நீலம், நீலத்துக்கடியில் முதல் ஓனர் அடித்த காவி. இனிமேல்தான் இருக்கிறது வேலை. மற்றதெல்லாம் கழுதையும் செய்யும், பற்ற வைப்பதை மயிலானந்தன்கூடச் செய்வான். விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த முனையைத் தாண்டி ஒரு துளை போட வேண்டும், உருண்டையான துளைக்குள் வந்து விழுந்தால் விரிசல் அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் கிழிக்க அதற்கு முனை கிடையாது. முனையைத் தப்பவிட்டு முன்னாலேயே துளையைப் போட்டால், என்னதான் அழகாகப் பற்ற வைத்தாலும் மிச்சம் இருக்கிற மயிரிழை உள்ளே உயிரோடு இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நகரும். ஒரு நாள் கதவு பாவாயியைத் தேடிப் போகும். நான் மண்ணெண்ணெய்த் துணியால் சேனலை நன்றாகத் துடைத்து ஊற விட்டேன். பிறகு காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தேன். மேலே இருப்பது போய்விடும், விரிசலுக்குள் இறங்கியது போகாது. அதன் மேல் வெள்ளையாக ஏதாவது பொடியைத் தூவிவிட்டுச் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருப்பது கசிந்து வந்து கோடு போட்டுக் காட்டும். சிலர் சாக்பீஸ் தூள் போடுவார்கள். எனக்குத் திருநீறுதான், அதன் நைசு வேறு எதற்கும் வராது. சாமி படத்துக்குக் கீழே இருந்த பழனித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து வந்து சேனல் நெடுகத் தூவினேன். நிமிர்ந்து பார்த்தால் சென்னியப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நிற்கிறான். கண் மூடியிருக்கிறது, வாய் என்னவோ முணுமுணுக்கிறது. பூஜை என்று நினைத்துவிட்டான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அப்புறம் இவனுக்கு விளக்கி விடிவதற்குள் மண்ணெண்ணெய் காய்ந்துபோகும் என்று விட்டுவிட்டேன். நிற்கட்டும், நிற்கிற நேரமாவது வாய் சும்மா இருக்கும். பாவாயி மட்டும் கும்பிடவில்லை. எழுந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறாள்.

தட்டினேன். மெதுவாகத்தான் தட்ட வேண்டும், சேனலின் முதுகில், கதவு தட்டுகிற மாதிரி. வளையத்தின் பக்கத்திலிருந்து கோடு எழுந்து வந்தது. வெள்ளைக்குள் ஈரமாக, கறுப்பாக, முதலில் நூல் மாதிரி நேராக வந்து, முதல் ஆளின் பூச்சுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்து, மூன்றாவது ஆளின் சதுர மூலையைத் தொட்டுக்கொண்டு கீல் பக்கம் திரும்பியது. அதைப் பார்க்கிறபோது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். மறைந்துகிடந்த ஒன்று தானாக எழுந்து வந்து, இதோ இருக்கிறேன் என்கிறது. அதன் பின்னாலேயே பார்வையைக் கொண்டு போனேன், போகப் போக மெலிந்தது, மெலிந்து, இதோ முனை என்கிற இடத்தில் சாம்பல் பொட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைத் திருநீறும் கறுப்புக் கோடும் எதுவும் இல்லை, சும்மா சாம்பல். தலையைச் சாய்த்தேன். பொட்டு நகர்ந்தது, கோடு வந்தது, முனையைத் தேடினால் மறுபடியும் பொட்டு. எதைப் பார்க்க வேண்டுமோ அதன் மேல்தான் உட்காருவேன் என்கிறது. பார்க்காத மாதிரி பார்க்க வேண்டும். தாமரையைப் பார்த்தேன், தாமரையைப் பார்த்துக்கொண்டே கண்ணின் ஓரத்தால் கோட்டைப் பிடித்தேன், அங்கே, சதுர மூலையிலிருந்து கட்டைவிரல் அளவு தள்ளி, முடிகிறது. முடிகிறது என்றுதான் தோன்றியது. துளைக்குக் குறிவைக்கிற கூர் உளி, அந்தச் சென்டர் பஞ்ச்சைத் தேடி டூல் பெட்டிப் பக்கம் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் சென்னியப்பன் கண்ணைத் திறந்து, குனிந்து, மூன்று விரலால் சேனலிலிருந்து திருநீற்றை வழித்து நெற்றியில் பட்டையாகப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அப்படியே சேர்த்து அள்ளி வண்டியின் நம்பர் பலகையில் பூசிக்கொண்டிருக்கிறான். சரியாக முனை இருந்த இடத்தில்தான் வழித்திருக்கிறான், அங்கேதான் திருநீறு கெட்டியாகக் கிடந்திருக்கிறது. கோடு பாதியில் அழிந்து வெறும் இரும்பு தெரிகிறது. “ஏய்யா, அது என்ன பிரசாதமாய்யா,” என்று கத்தினேன். “சாமி காரியமாச்சேன்னுங்ணா,” என்கிறான், நெற்றியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்க. விரிசலைத் தூக்கி நெற்றியில் பூசிக்கொண்டு நிற்கிறான் மனுஷன்.

மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் துடைத்து, பொட்டலத்தைத் தலைகீழாகத் தட்டி மிச்சமிருந்ததைத் தூவி, மறுபடியும் தட்டினேன். வந்தது. முன்னை மாதிரி அழுத்தமாக இல்லை, ஆனால் வந்தது. பொட்டும் வந்தது. தாமரையைப் பார்த்தேன், ஹரிணியைப் பார்த்தேன், இந்தத் தடவை ஓரத்திலும் ஒன்றும் நிற்கவில்லை. போகட்டும், எனக்குத்தான் இடம் தெரியுமே, கட்டைவிரல் அளவு தள்ளி. ஆனால் முதல் தடவை நான் பார்த்தேனா, அல்லது பார்க்க வேண்டும் என்று நினைத்ததைப் பார்த்தேனா. பார்த்தேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிறவன் பார்க்காமலா இருப்பேன், இரும்பு என் கைக்குத் தெரியும், கண் எதற்கு. போன வாரம் ஒரு டிப்பர் கதவு, அதற்கு முந்தின வாரம் ஜவ்வரிசி வண்டி ஒன்று, எல்லாம் போட்டு அனுப்பவில்லையா, ஏதாவது திரும்பி வந்ததா. வரவில்லை. வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அல்லது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயம்தான் இது, வேறு என்ன பெயர் வைப்பது. மயிலானந்தனைக் கூப்பிட்டு, டேய் இது எங்கே முடியுது பார் என்று கேட்கலாம். கேட்டால் ராத்திரிக்குள் அவன் அக்காவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரிந்தால் அவர்கள் அப்பாவுக்குத் தெரியும், அப்புறம் இந்த ஷெட்டில் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, உட்காருங் மாமா, நாங்க பாத்துக்கறோம் என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், தேதி இல்லாத நாள்காட்டியை. மாட்டேன். பஞ்ச்சை எடுத்து, கட்டைவிரலால் அளந்து, இரும்பின் மேல் நிறுத்தினேன். சுத்தியலை ஓங்கினேன். கட்டைவிரல் அளவுதான், எனக்குத் தெரியும்.

“ஏனுங்ணா, அது இன்னும் போகுதுங்களே.” பாவாயி. எனக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, அடுப்பில் பால் பொங்குது என்கிற மாதிரி சொன்னாள். செங்கல் சுமக்கிற பொம்பளை எனக்கு விரிசல் காட்டுகிறாள். ஏசுவதற்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தோள் என் முகத்துக்கு நேராக இருந்தது, பொட்டு அதன் மேல் விழவில்லை, மஞ்சள் அப்பிய இடத்தில் சதை கன்றி நீலமாகக் கிடந்தது நன்றாகத் தெரிந்தது. சுத்தியலைத் தாழ்த்திவிட்டு, “உன் கண்ணு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன், எங்கே முடியுதுன்னு காட்டு,” என்றேன், பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி. என் குரலே எனக்குக் கேவலமாக இருந்தது. அவள் விரலை நீட்டினாள். நான் பஞ்ச்சை வைத்திருந்த இடத்திலிருந்து போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது, கீல் தகட்டுக்கு அடியில் போய் நின்றது. ஒரு விரல் நீளம். நான் துளை போட இருந்த இடத்துக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு முழு விரல் நீளத்துக்கு அந்த எமன் படுத்திருக்கிறான், நான் அவன் வயிற்றில் ஓட்டையைப் போட்டு, அழகாகப் பற்ற வைத்து, பச்சை அடித்து, மத்தியானம் இவள் கையில் கல்லைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். வெட்கமாக இருந்தது, வெட்கத்தை விடப் பயமாக இருந்தது. “விரலை எடுக்காத,” என்றேன். “அங்கேயே வெச்சுக்க.” நாற்காலியாவது மண்ணாவது. மாப்ள, இங்கே வா என்று கூப்பிடத்தான் திரும்பினேன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பின்னாலேயே நிற்கிறான் மயிலானந்தன். காதில் வயர் இல்லை. ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் அவனுடைய சென்டர் பஞ்ச். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறானோ. நான் ஓங்கியபோது நின்றிருக்கிறான், அதற்கு முன்னால் தாமரையைப் பார்த்துக்கொண்டு கோணலாகக் குனிந்திருந்தபோதும் நின்றிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று பார்த்தேன், பொட்டுதான் தெரிந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்து, பாவாயியின் விரலைத் தாண்டி ஒரு இம்மி தள்ளிப் பஞ்ச்சை வைத்து ஒரே தட்டு. சரியான இடம். நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். “எப்ப இருந்துடா தெரியும்,” என்றேன், மெதுவாக, சென்னியப்பனுக்குக் கேட்காமல். “ஆயுத பூசைக்கு முந்தியே தெரியுமுங் மாமா,” என்றான், துளை போடுகிற மிஷினுக்குப் பிட்டை மாட்டிக்கொண்டே. எனக்கே அதற்கப்புறம் பங்குனியில்தானே தெரிந்தது. “அந்த டிப்பரு?” “மறுக்காத் தொளை போட்டுத்தானுங் அனுப்புனேன்.” “ஜவ்வரிசி வண்டி?” “அதுவுந்தானுங்.” தொடைக்கறனுங் மாமா என்று அவன் லைட்டடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. “வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்லறதுக்கென்ன,” என்றேன். “சொன்னா ஏசுவீங்,” என்றான். அதில் நக்கலும் இல்லை, பரிதாபமும் இல்லை. மழை வந்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னான்.

நெற்றியில் விரிசலைப் பூசிக்கொண்டிருந்த சென்னியப்பன் கிட்டே வந்து, அந்த வளையத்தைக் காட்டி, “இதெ அறுத்துப்போட்டீங்கன்னா செருப்பெ எங்கீங்ணா கட்டறது,” என்று கேட்டான். “உன் கழுத்துல கட்டிக்க,” என்றேன். அதற்குப் பாவாயி சிரித்தாள், விரலை எடுக்காமலே. நான் சொன்னதால் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறாள், இந்தப் பைத்தியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். “போதும், தள்ளி நில்லு, தூளு கண்ணுல பட்டுறப்போகுது,” என்றேன். அவள் தள்ளி நின்றாள். மயிலானந்தன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து லைட்டைப் போட்டு என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சேனலின் மேல் பிடித்தேன். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமுங் மாமா,” என்றான். நகர்த்திப் பிடித்தேன்.